சமீபத்தில் அனுப்பியவை

புதுவயலிலிருந்து உமையாள் அனுப்பியிருந்தாள்:
"இந்தத் தடவையும் நிக்கலடி."

செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டர், மதியம் இரண்டேகால்.
டோக்கன் பதினேழு தண்ணீர் பாட்டிலோடு
குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள்.
"முட்டிக்கிட்டு வந்தா சொல்லுங்க" என்று விட்டு
கவுண்டருக்குக் கீழே பதில் தட்டினேன்.
அழித்தேன்.
கவலைப்படாதே: அவள் மாமியாரே சொல்லியிருப்பார்.
அடுத்த தடவை: அதை நான் ஏற்கெனவே
மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்ரே ரூம் ஜெபராணிதான் சொன்னாள்,
ஆடுற படம் அனுப்பேன்,
கீபோர்டிலேயே வரும், ஒண்ணு இறக்கிக்க.

ஒன்றா? நாற்பது இருந்தது.
முதலாவதற்குப் போனில் இடமில்லை.
கொப்புடையம்மன் தேர் வீடியோவை அழித்து
இடம் பண்ணிக் கொடுத்தேன்.
உட்கார்ந்ததும் கேட்டது:
நீங்கள் தட்டும் எல்லாவற்றையும் நான் பார்க்கலாமா,
கார்டு நம்பர் உட்பட?
கார்டில் நானூற்றுப் பத்து ரூபாய், பார்த்துக்கொள்.
தட்டி அழித்ததையும் பார்ப்பாயா?
அதற்குப் பதில் இல்லை. நீக்கிவிட்டேன்.

இரண்டாவதற்கு நாலரை நட்சத்திரம்.
யாரோ ஒருவர் மட்டும் ஒற்றை நட்சத்திரம் போட்டு
"ழ-வைத் தொட்டால் விளம்பரம் வருது" என்று திட்டியிருந்தார்.
நானும் தொட்டேன்.
வழுக்கைக்கு எண்ணெய் வந்தது.

மூன்றாவது, தமிழிலும் தேடலாம் என்றது.
அதுவும் அதே கேள்வியைக் கேட்டது,
படிக்காமல் சரி என்றேன்.
துக்கம் என்று தட்டினேன்.
கரடி ஒன்று அழுதது, தோட்டத்துக் குழாய் மாதிரி
இரண்டு பக்கமும் பீய்ச்சியபடி.
ஆறுதல் என்று முடிப்பதற்குள்
ஆறு வந்துவிட்டது:
தொப்பி வைத்த எண், ஒற்றைக்காலில் குதித்தது.
பின்னாலேயே இன்னொரு ஆறு,
அதில் ஒரு வாத்து.

உள்ளே டாக்டர் படத்தை நிறுத்துகிறார்,
ஓட்டுகிறார், நிறுத்துகிறார்.
கறுப்பு வெள்ளையில் இரண்டு விநாடி,
எள்ளளவு ஒன்று
துடித்ததையே திரும்பத் துடிக்கிறது.
ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பார்க்கிறேன்.
மார்ச்சில் உமையாளுடையதையும் பார்த்தேன்.
ஏப்ரலில் அதே சாம்பல் நிறம்,
படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது,
உள்ளே எதுவும் ஓடவில்லை.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் ஜெல் துடைக்கும் டிஷ்யூவை எண்ணினேன்.

"அக்கா, இனிமே முடியாதுக்கா"
டோக்கன் பதினேழு கதவைப் பிடித்துக்கொண்டாள்.
எழுந்த வேகத்தில் கட்டைவிரல் எங்கோ பட்டது.

போய்விட்டது:
வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தொப்பைக்காரன்,
கழுத்தில் மாலை, முறுக்கிய மீசை,
இல்லாத மேளத்துக்கு
வயிற்றை மட்டும் தனியாகக் குலுக்குகிறான்.
அழிக்கப் போனேன்.
இரண்டு டிக்கும் நீலம்.

பன்னிரண்டு நிமிடம்.
பதினேழை உள்ளே அனுப்பினேன்.
பதினெட்டிடம் நூறு ரூபாய் அதிகம் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

"யாருடி இவன்?"

தெரியல என்றேன்.
அன்று நான் தட்டி, அழிக்காமல் விட்ட
முதல் சொல் அது.

"எங்க மில்லு மேஸ்திரி மாதிரியே இருக்கான்.
தவிட்டு மூட்டை சரிஞ்சப்ப இப்படித்தான் நின்னான்.
இன்னொரு தடவை அனுப்பு."

அவன் அங்கே தானாகவே ஆடிக்கொண்டுதான் இருந்தான்,
திரும்ப அனுப்பத் தேவையே இல்லை.
அனுப்பினேன்.
இன்னொன்று என்றாள்.
அனுப்பினேன்.
ஐந்தரை மணிக்கு ஷட்டர் இறக்கும்வரை
நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

அந்தக் கீபோர்டை இன்னும் மாற்றவில்லை.
சமீபத்தில் அனுப்பியவை வரிசையில்
முதல் ஆளாக நிற்கிறான்.
கேஸ் புக் பண்ணப் போனாலும்,
டாக்டரிடம் அரைநாள் லீவு கேட்டாலும்
விரலுக்கு நேர் மேலே
வயிற்றைக் குலுக்குகிறான்.
நேற்று டாக்டருக்கே போகத் தெரிந்தது.

நான் தட்டுவதை எல்லாம்
எவனோ பார்க்கிறான் என்கிறாள் ஜெபராணி.
பார்க்கட்டும்.
அழிப்பதையும் பார்க்கட்டும்.