அறுபத்தெட்டு என்றேன்

மூன்றாம் மாடியிலிருந்து போகுமிவா ஏறி வந்தாள்
கையில் அளவு நாடாவோடு.
அவள் குளியலறைக் கூரையில் இருக்கும் கறை
திங்களன்று நாற்பது சென்டிமீட்டராம்,
இன்று ஐம்பத்திரண்டு.
பதினோரு வருடத்தில் எங்களுக்குள்
இதுதான் நீளமான பேச்சு.

எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு
மீட்டர் முன்னால் குந்தினேன்.
சிவப்புச் சக்கரம் அசையவில்லை.
சுவருக்குள் எதுவும் உடையவில்லை என்றேன்.
அப்படியானால் கூரைக்கு வியர்க்கிறதா என்றாள்.

ஃபிளஷ் தொட்டியில் பீட்ரூட் சாறு ஊற்றினேன்.
வூச் நகரத்துப் பிப்ரவரியில்
எந்த வீட்டிலும் தீராத ஒரே சாயம்.
கீழே ஒரு துளி சிவப்பும் இறங்கவில்லை.
மிச்சச் சாறு சூப்பாயிற்று.

பிளம்பர் ஸெனான் ஓடுகளை விரலால் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குபவர் போல.
மொத்தமும் உடைக்கணும் என்று
அவர் சொன்ன தொகையில்
என் இரண்டு மாதச் சம்பளம் ஒழுகியது.
காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு. கீழே அவள் நாற்காலிமேல், டார்ச்சோடு.
மேலே நான், போனை ஸ்பீக்கரில் போட்டு.
தொட்டியை நிரப்பி அடைப்பைப் பிடுங்கினேன்.
"இல்லை."
வெளியே நின்று சுவரோரமெல்லாம் ஷவரைக் காட்டினேன்.
"இல்லை."
ஷவர் கைநழுவிப் பாம்பாய்த் துள்ள
எட்டிப் பிடிக்கக் காலுறையோடே உள்ளே ஏறினேன்.
"விழுது!"
இறங்கினேன். "நின்னுபோச்சு."
ஏறினேன். "விழுது, விழுது!"

குனிந்து பார்த்தால்
என் எடைக்குத் தொட்டி ஒரு நூல் தாழ்கிறது.
சுவரோரத்து சிலிக்கான் உதடு பிரிந்து
ஓடுவழி வரும் நீரைக் குடிக்கிறது.
ஆளில்லாதபோது மூடிக்கொள்கிறது,
ரொம்ப யோக்கியமாய்.

"நீ எத்தனை கிலோ?" என்றது போன்.
நாலைக் குறைத்து
அறுபத்தெட்டு என்றேன்.

பழைய பிசினைச் சுரண்டி எடுத்து
தொட்டி நிறைய நீர் நிரப்பினேன்.
பிளவு வாய் திறந்திருக்கும்போதே பூசணும்,
மூடியபின் பூசினால் மறுபடி கிழியும்.
காய இரண்டு நாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்குக்
குளிக்கிறவள் நீதானே.
இங்கே வந்து குளி.
அந்தப் பச்சைத் துண்டை மட்டும் தொடாதே."

அவள் தொட்டியில் மல்லாந்து கிடந்தேன்.
தலைக்கு நேர்மேலே என் கறை.
வளையம் வளையமாய்ப் பழுப்பு விளிம்பு,
ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு தேதி.
முதலாவது நவம்பர் ஒன்பது.

மூன்று மாதம் யோசித்திருக்கிறாள்
ஒரு மாடி ஏற.