எத்தனை நாள் ஒட்டும்

அலாரம் அடிக்கும் முன்னே
வயிறு எழுந்துவிடுகிறது.
போர்வைக்குள் பை வெதுவெதுப்பாய்
இடுப்போடு படுத்திருக்கிறது.
மார்கழியில் அதன்மேல் கைவைத்துத் தூங்கப் பழகிவிட்டேன்
என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள்.
சொன்னதில்லை.

இன்று மாற்றும் நாள்.
பீரோவிலிருந்து எடுத்த தட்டு
காய்ந்த அப்பளமாய் விறைத்திருந்தது.
போன வருஷம் விவரம் தெரியாமல்
அப்படியே ஒட்டிக்கொண்டு கிளம்பி
பேரையூர் ரோட்டில், பாதி வழியில்
அது ஓரம் விட்டு,
கொசுவம் நனையத் திரும்பி வந்தேன்.
அன்று சங்கத்தில் பால் அளக்க ஆளில்லை.
முப்பத்தாறு பேர் கேனோடு நின்றார்களாம்.
காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தேன்.

இப்போது தட்டை உறையோடு அக்குளில் இடுக்கி
அடுப்படியில் உட்கார்ந்து
சீரகத் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்கிறேன்,
அடைக்கோழி மாதிரி,
ஒரு பிளாஸ்டிக் வட்டத்தை வைத்துக்கொண்டு.

கட்டியை வெட்டி எடுத்துவிட்டு
வயிற்றில் புதுசாய் வைத்த வாயை
பெரியாஸ்பத்திரி ஜெர்லின் சிஸ்டர்
ரோஜா மொட்டு என்றார்.
எனக்கு அது பிறந்த கன்றின் நாக்கு நுனி.
சிவப்பு. ஈரம். சும்மா இருக்காது.
தொட்டால் வலிக்காது,
குளிரும் அதற்குத் தெரியாதாம்.
அதற்கும் சேர்த்து நான்தான் நடுங்குகிறேன்.

ஒட்டி முடித்து
உள்ளங்கையை அழுத்தி வைத்து
இருநூறு எண்ணுகிறேன்.
நாடாவை விரல்கடை ஏற்றிக் கட்டி
மேலே புடவை, அதற்கு மேல்
தம்பியின் முழுக்கை ஸ்வெட்டர்.
குளிர்காலம் ஒருவகையில் எனக்குத் தோது:
எல்லோருமே உப்பித்தான் தெரிகிறார்கள்.
தாகம்தான் எடுப்பதில்லை.
எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும்,
போன தையில் மறந்துபோய்
பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தேன்.

சங்கத்து டியூப்லைட்டைச் சுற்றிப் பனி.
கேன் கேனாய் ஆவி விட்டுக்கொண்டு பால்.
கோயில் ஸ்பீக்கர் பாடும்வரை
எனக்குப் பயமில்லை.
கரண்ட் போனது.
லாக்டோமீட்டர் ஆடி அடங்கட்டும் என்று
செல்போன் வெளிச்சத்தில்
எல்லோரும் மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்க,
அந்த நேரம் பார்த்துக்
கன்று குரல் கொடுத்தது.
நீளமாய்,
முடிவில் ஒரு கேள்விக்குறியோடு.

மொக்கத்தாய் சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கினாள்.
தவளை என்றார்கள் யாரோ.
"இருபத்தெட்டு" என்றேன் நான்.
"அடுத்த கேன்."

எல்லோரும் போனபின்
வேன் டிரைவர் காசிமாயன்
பில் புத்தகத்தை நீட்டியபடி
முகம் பாராமல் கேட்டார்:
"இந்தக் குளிர்ல எத்தன நாள் ஒட்டுது உங்களுக்கு?"

எது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
என்ன வியாதி, சோறு தின்னலாமா, நாறாதா
என்று கேட்பார்கள் ஊரில்.
எத்தனை நாள் ஒட்டும் என்று
வெளியாள் கேட்க மாட்டார்.

"நாலு. உங்களுக்கு?"
"ரெண்டு. பானெட் மேல வச்சுத்தான் சூடு காட்டுறேன்."
"உருகிருமே. அக்குள்ல வைங்க."
சட்டைக்குமேல் இடப்பக்கம் ஒருமுறை தொட்டுக்கொண்டார்,
சாவி இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

மூன்று வருஷமாய் இந்த மனுஷன்
நாற்பது லிட்டர் கேனை
ஒரே மூச்சில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
"வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு சொல்லலையா?"
"சொன்னாங்க. வேற யாரு தூக்குவா?"

கரண்ட் வந்தது.
ஸ்பீக்கர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது.
ஏழு கேன் நின்றது.
ஆளுக்கொரு காதைப் பிடித்தோம்.
மெதுவா, மெதுவா என்றேன்,
யார் வயிற்றுக்குச் சொன்னேனோ.