இதரச் செலவு

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை
ஒரு காலணிப் பெட்டியில் வந்து சேரும்
மேயரின் ரசீதுகள்.
பத்தொன்பது வருடம் நான்தான் பிரித்தேன்.
சில மடிப்புகளில் மீன் வாடை.
சிலவற்றின் முதுகில் தொலைபேசி எண்கள்.
ஒன்றில், பச்சை மையில்:
பாலம் சரி, எங்கிருந்து எங்கே?

எய்னோ ராசனென்.
காகித ஆலையில் மரக்கட்டை எண்ணியவர்.
முதல் தேர்தலில் பதினோரு வாக்கில் பிழைத்தார்,
அப்புறம் எட்டு முறை.
கடைசி இரண்டில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை.
போர்ட் ஹாலிடனில் பிறந்த பிள்ளைகள்
மேயர் என்பதை ஒரு பதவியென்று அறியாமல்
அவர் பெயரின் முற்பாதி என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

ஏரியே உறைந்துபோன அந்த ஜனவரியில்
காலை நான்கு மணிக்கு
பனிவாரும் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து
தெருத் தெருவாக வந்தார்.
எங்கள் தெருவுக்கும்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
அதற்கு ரசீது இல்லை.

ஆலை மூடிய பிறகுதான்
பெட்டி கனக்கத் தொடங்கியது.
ராட்டர்டாமுக்கு இரண்டு பேர், ஆறு நாள்,
துறைமுகம் நடத்துவது எப்படி என்று பார்த்துவர.
எங்கள் துறைமுகத்தில் அப்போது
இரண்டு இழுவைப் படகுகள்; ஒன்று ஓடாது.
கண்ணாடியில் ஒரு பயணியர் நிலையம்.
பயணியர் கப்பல் இன்னும் வரவில்லை.
ஊர் எல்லையில் எஃகில் ஒரு ஸ்டர்ஜன் மீன்,
பதினான்கு மீட்டர், வயிற்றுக்குள் விளக்கு.
இரவெல்லாம் வாயைத் திறந்தபடி
நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கும்.
ஒரு காரும் திரும்பாது.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கினான்
என்றால் புரிகிறது.
இவர் வெறும் கூட்டுக்குள் கையை விட்டு
இனிக்கிறது என்றார்.
நாங்களும் வரிசையில் நின்று நக்கினோம்.

மாகாணத் தணிக்கையிலிருந்து ஷான்டால் பெசெட் வந்தார்.
எங்கள் காபியைக்கூடத் தொடவில்லை.
விருந்து, விமானம், மீன்
எல்லாவற்றையும் அரை நாளில் முடித்துவிட்டு
இதரச் செலவில் விரலை வைத்தார்.
இது என்ன?

மலர்வளையங்கள்.
முப்பத்தொரு வருடத்தில்
இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
அவருக்கு வாக்களித்தவர்களுக்கு,
வாக்களிக்காதவர்களுக்கு,
மதுக்கடை வாசலில் விறைத்துக் கிடந்த
பெயர் தெரியாத ஒருவருக்கு.
மன்றத் தீர்மானம் இல்லை. அனுமதி இல்லை.

மூன்று நாள் நான் வாசிக்க அவர் குறித்தார்.
ஆயிரத்து எழுநூற்று ஆறு:
ஒஸ்டாப் ஹ்னாத்யுக்.
வெள்ளைக் கார்னேஷன், அறுபத்தெட்டு டாலர்.

ராசனெனைத் திருடன் என்று
வீட்டு வேலியில் பலகை அறைந்தவர்.
என் அப்பா.
சவப்பெட்டியின் கால்மாட்டில் அந்த வளையம் இருந்தது.
நகராட்சிப் பணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.
இல்லை, தெரியும்.
அந்த மாதப் பெட்டியையும் நான்தான் பிரித்தேன்.

ஏற்கத்தக்கதல்ல, என்றேன்
அவர் கேட்கும் முன்பே.
பேனா அடுத்த வரிக்குப் போனது.

அக்டோபரில் தோற்றார்.
இப்போது கடைசி வெள்ளிக்கிழமைகளில்
முகப்பில் வரிசையில் நின்று
கையுறை கழற்றித் தவணையை எண்ணித் தருகிறார்.
நான் ரசீது கொடுக்கிறேன்.
படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் திணிக்கிறார்.

மீனில் விளக்கு எரிகிறதா?
அணைத்துவிட்டோம்.
நல்லது, என்கிறார்.

இத்தனை காலம் பின்வாசலில் வந்துபோனவர்
முன்கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்.
அது இழுக்க வேண்டிய கதவு.