ஏழு மணிக் காற்று

பிறை, மூன்றாவது பட்டறை.
இருபத்து நான்கு போல்ட்டில் ஆறு
சொன்ன இறுக்கத்துக்கு வரவில்லை.
மஞ்சள் பெயின்டில் கோடு இழுத்தாயிற்று,
கையெழுத்தும் என்னுடையது.

முதலில் கருவியைப் பழித்தார்கள்,
பிறகு என்னை.
தியோ மீட்டரைத் தட்டிக் காட்டினார்:
ஐந்து பார்.
பார்த்தேன்.
நின்ற காற்று சொல்லும் எண் அது.
சும்மா இருக்கையில் யார்தான் ஐந்து காட்டமாட்டார்கள்.
விசையை அழுத்தினேன்
முள் மூன்றே முக்காலில் போய் உட்கார்ந்தது.
அட்டவணை கேட்பது நாலரை.

வடிகட்டிக் கிண்ணத்தின் அடியைத் திறந்தால்
ராத்திரி முழுக்கக் கம்ப்ரஸர் குடித்த
பினாங்குக் கடலின் ஈரம்
துப்பித் துப்பி வருகிறது.
அம்புக்குறி ஓட்டத்தின் பக்கம்தான்.
எண்ணெய், கண்ணாடிக்குள் நிமிடத்துக்கு ஆறு சொட்டு,
கருவி ஓட ஓட எண்ணினேன்.
பிறகு குழாயைத் தடவிக்கொண்டே நடந்தேன்.

பலகை அடுக்குக்குப் பின்னால்
சுண்டுவிரல் பருமனில் ஒரு நீலத்துண்டு
இரண்டு கிளிப்போடு நடுவில் குடியேறியிருந்தது.
யார் வைத்தது?
யாரும் இல்லை.
இங்கே அதிகம் வேலை செய்கிறவன் அந்த யாரும் இல்லைதான்.

கழற்றி எறிந்து முக்கால் அங்குலக் குழாய் போட்டேன்.
கருவியில் மாட்டுமுன் வெறும் வாயால் ஊதவிட்டேன்,
ரப்பர் துருவல் தரையில் தெறித்தது.
குமிழை ஓடும் காற்றில் திருக வேண்டும்.
தாண்டிவிட்டால் இறக்கி,
மறுபடி கீழிருந்தே ஏற வேண்டும்.
இரண்டு முறை தாண்டினேன்.
நாலரை. நின்றது.

சரியாக ஏழுக்கு முள் தலையாட்டியது.

பக்கத்து வரிசையில் ரஃபீக், பிஷ்ணு, ஹஸ்னி,
இன்னும் ஏழெட்டுப் பேர்
ஏர் கன்னால் கால்சட்டைத் தூசியை ஊதிக்கொண்டிருந்தார்கள்
தலைக்கு மேலே
நான்கு மொழியில் ஊதாதே.
பிஷ்ணு கண்ணை மூடிக்
கழுத்துப்பட்டிக்குள் காற்றை விட்டுச் சிரித்தான்.
பன்னிரண்டு மணி நேரத்தில்
அவனுக்குக் கிடைத்த கடற்கரை அது.

நேற்றைய ஆறு போல்ட்டும்
ஏழுக்கும் ஏழே காலுக்கும் நடுவில் இறுக்கியவை.

கருவியைக் கீழே வைத்தேன்.
ஏழே கால் ஆகட்டும்.
அதற்குள் தாளில் எழுதினேன்:
லைனில் அழுத்தம் குறைகிறது, தனித் தொட்டி தேவை.
பெயர் எதுவும் எழுதவில்லை.

ஆறை மட்டும் இறுக்கினால் மற்றவை ஏமாற்றும்.
ஆகவே எல்லாம், முதலிலிருந்து.
ஒன்று, பதின்மூன்று,
ஏழு, பத்தொன்பது.
எதிர் எதிராக, எட்டரை வரைக்கும்.

படகுத்துறை பஸ்ஸில்
பக்கத்து இருக்கைப் பெண்
என் தோளின் இரும்புத்தூளைப் பார்த்துச்
சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.
இன்று நான் ஏர் கன்னைத் தொடவில்லை.
நாளை தெரியாது.