பத்தில் இரண்டு மூன்று

வின்டர்தூர். மூன்றாம் மாடி. பத்தரை மணி.
மேசையில் பிளாஸ்டிக்கில் ஒரு கருப்பை,
காந்தம் வைத்தது, திறந்து மூடலாம்.
டொக்டர் ரூக் திறக்கிறார்.
மூன்று கட்டிகள், பெரியது மண்டரீன் அளவு.
நான் தமிழில்: "சின்னத் தோடம்பழம்."
தவமலர் கேட்கிறாள்: "தோலோடையா, உரிச்சா?"
அதையும் ஜெர்மனில் சொல்கிறேன்.
டொக்டர் யோசித்துவிட்டு, "தோலோடு."

என் வேலை இதுதான்.
ஒரு வாயில் ஏறியதை மறு காதில் இறக்குவது,
கூட்டாமல், குறைக்காமல்.
என் கதைக்கு இந்த அறையில் கதிரை இல்லை.

எடுத்துவிடலாம்:
சின்னத் துளைகள், இரண்டு இரவு,
ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது.
இரத்தப்போக்கு அத்தோடு சரி, அது நிச்சயம்.
இல்லையென்றால் மணிக்கட்டு நாடியால்
சேமியாத் தடிப்பில் ஒரு குழாய் உள்ளே போகும்,
மணல்போல ஏதோ தூவும்,
கட்டிக்குப் போகிற இரத்தத்தை மறிக்கும்.
அன்றிரவு நோகும். நல்லாய் நோகும்.
பிறகு கட்டி பட்டினியில் வற்றும்.
அதுவும் வேண்டாமென்றால் குளிசையும் பொறுமையும்;
நாற்பத்தேழு வயது,
தானாக நிற்கும் நாள் அதிக தூரமில்லை.

தவமலருக்கு லாண்டரியில் வேலை.
ஈரப் படுக்கைவிரிப்பு, கூடை முப்பது கிலோ.
"ஆறு கிழமை நான் தூக்காட்டி
என்ர இடத்தில இன்னொருத்தி தூக்குவாள்.
ஏழாம் கிழமையும் அவளேதான் தூக்குவாள்."
ஜெர்மனில் இது நீண்டுவிட்டது.

"மச்சாள் சொல்லுறா, பாவிக்காத சாமான்தானே, எறி எண்டு.
இந்த நாட்டில எறியிறதுக்கும் காசு,
குப்பைப் பையே என்ன விலை!"
டொக்டர் சிரிக்கிறார்,
ஒரு மொழி தாமதமாக.
அதற்குள் தவமலர் பிளாஸ்டிக் மூடியைக்
கையில் எடுத்திருந்தாள்.
"பாவிக்கேல்லைத்தான்."
மிக மெல்ல.
இதையும் சொல்ல வேண்டுமா?
சொன்னேன்.
டொக்டர் பேனையை மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து:
"அந்த மணல் வைத்தியம் செய்த ஆக்கள் திரும்ப வருவினமோ?"
பத்தில் இரண்டு மூன்று பேர், என்றார் டொக்டர்,
சில வருஷம் போய், இன்னொரு சிகிச்சைக்கு.
பத்தில் இரண்டு மூன்று பேர், என்றேன்.

அந்த இரண்டு மூன்றில் ஒருத்தி
உன் பக்கத்தில் குறிப்புப் புத்தகத்தோடு இருக்கிறாள், தவமலர்.
நான்காம் வருஷம் அதே ஆஸ்பத்திரி, வேறு கட்டில்,
கடைசியில் எடுத்தேன்.
ஆனால் அந்த நான்கு வருஷமும்
வெள்ளைக் காற்சட்டை போட்டேன்.
ரெயினில் எழும்பும்போது
இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.
இதை எந்தத் தட்டில் வைப்பது?
எனக்கே இன்னும் தெரியாது.

"நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?"
கண் என்மேல்.
விதிப்படி கேள்வியை டொக்டரிடம் திருப்பினேன்.
அவர் பிளாஸ்டிக்கைப் பார்த்தபடி,
"தெரியாது. நான் முப்பது கிலோ தூக்குவதில்லை."
ஒரு சொல் சிந்தாமல் கொடுத்தேன்.

யோசிக்கப் பத்து நாள்.
காந்தம் 'டக்' என்று மூடிக்கொண்டது.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்.
"இரண்டு மூண்டு எண்டு சொல்லேக்க
உங்கட குரல் இறங்கினது."
நான் கீழ்மாடிப் பொத்தானை அமுக்கினேன்.
அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.