இரண்டு நாற்பத்தேழு

தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில்
வண்டி நிறுத்தும் சீட்டில்
நேரம் 02:47.
பட்டப்பகல். காகம்கூட நிழலுக்கு ஒதுங்கிவிட்டது.
மாதேவப்பா அதை அடித்துவிட்டு
நீலப் பேனாவால் 12:20 என்று எழுதித் தருகிறார்.
"மெஷின் இன்னும் எழுந்திரிக்கலே மேடம்,
பதினெட்டு நாளா."

அந்த நிமிஷத்தை எனக்குத் தெரியும்.

மொழியை வடிவமைத்த கூட்டத்தில்
சுமேதா ஹெப்பார் கேட்டாள்:
நிரல் ஓடுவதற்கு முன்பே, தொகுக்கும்போதே
கணக்கைப் போட்டு முடித்துவிடலாம், சரி.
அந்தக் கணக்கு
கடிகாரத்தைப் பார்க்கலாமா?
பார்த்தால் என்ன, என்றேன்.
எதையும் எழுதவில்லை, அழிக்கவில்லை,
சும்மா பார்ப்பதுதானே.
அதற்குள் மத்தூர் வடை வந்துவிட்டது.

ஏழும் எட்டும் பதினைந்து.
இன்று கூட்டினாலும், அடுத்த ஆடியில்
எலஹங்காவில் உட்கார்ந்து கூட்டினாலும் பதினைந்து.
முன்கூட்டியே கூட்டி வைப்பதில் பாவமில்லை.
மணி என்ன என்பது அந்த மாதிரிக் கேள்வி இல்லை.
கேட்ட கணத்தின் பதிலைக்
கல்லில் வெட்டி உள்ளே வைத்துவிட்டது தொகுப்பி.
இனி எத்தனை முறை ஓடினாலும்
திரும்பிப் பார்க்காது.
பார்த்தாயிற்று.

பக்க விளைவு என்ற சொல்லை
நான் முதலில் சந்தித்தது வேறிடத்தில்,
மாத்திரை அட்டையோடு மடித்து வந்த காகிதத்தில்,
எறும்பு எழுத்தில்:
தூக்கமின்மை, நூற்றில் ஒருவருக்கு.
அந்த ஒருவர் அன்றிரவு எழுந்து
விளக்கைப் போடாமல் தண்ணீர் குடித்து
கணினியைத் திறந்து
'தொகு' என்று ஒரு விரலால் அழுத்தினார்.
தெருவில் நாய்.
இன்வெர்ட்டரின் கீச்சு.
யாரும் பார்க்கவில்லை என்றிருந்தேன்.
பதினெட்டு நாளாய்
ஸ்கூட்டருக்குப் பத்து ரூபாய், காருக்கு முப்பது என்று
ஊருக்கே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று தடுத்தேன்.
தொகுக்கும் நேரத்தில் கடிகாரத்தைத் தொட்டால்
இனிமேல் பிழை.
பிழைச்செய்தியை மூன்று முறை அடித்து எழுதி
கடைசியில் நின்றது இது:
'இங்கே இன்னும் மணி எதுவும் ஆகவில்லை.'
சுமேதா ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைய வடைக்கான காசை மட்டும்
என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

இன்று சீட்டில் 12:31.
மாதேவப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்,
சீட்டைப் பார்க்கிறார்,
பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறார்.
"ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்."