வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்

கத்தாரிலிருந்து வந்த ஜெகபர்
கறுப்புப் பெட்டியைத் திறந்தபோது
கூத்தாநல்லூரில் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம்:
மக்னீசியச் சட்டம், ஆட்டுத்தோல் மெத்தை,
முடியைவிட மெல்லிய சவ்வு.
விலை சொன்னான்.
பத்து மா குறுவைக்கு
நான் போடும் பட்டியல் தொகை அது.

என்னுடையது தொண்ணூற்றாறில் ஜெர்மனியில் செய்தது.
என்னிடம் வருமுன் மூன்று தலை பார்த்தது.
கழற்றும்போதெல்லாம் அதன் மெத்தை
காது மடலில்
உளுந்துத் தோலாக உதிரும்.

ஒரே பதிவை இரண்டிலும் கேட்பது என்று ஏற்பாடு.
ஏதோ ஒரு மண்டபத்தில் வாசித்த வயலின்,
இருபத்திரண்டு நிமிஷ பைரவி.
முதலில் சத்தத்தைச் சமமாக வை என்றேன்.
கூடுதல் சத்தம் கூடுதல் அழகாகத் தெரியும்,
ஈர நெல் எடை காட்டுகிற மாதிரி.
சிரித்தான். வைத்தான்.

பழசில் மிருதங்கம்
சேற்றில் இறங்கிய கால்.
இறங்கும்போது ஒரு சத்தம், எடுக்கும்போது இன்னொன்று,
நடுவே கொஞ்சம் கனம்.
புதுசில் தோல் வேறு, கரணை வேறு, நகம் வேறு.
மூணாறு தலைப்பில் நின்ற மாதிரி இருந்தது:
இது கோரையாறு, இது பாமணி,
இது வெண்ணாறு என்று
விரல் நீட்டிச் சொல்லலாம்.
என்னுடையது கடைமடை.
வந்தது வரும்.
எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேட்கக் கூடாது.

பன்னிரண்டாவது நிமிஷத்தில், புதுசில்,
ஒரு பெண் "சாவி எங்க?" என்றாள்.
ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன்,
அங்கே ஒரு சாவி தொலைந்தது எனக்குத் தெரியாது.
பழசை எடுத்து மாட்டினேன்.
அதிலும் கேட்டாள்.
இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள்.

"அதை விடு," என்றான் ஜெகபர்,
"வயலின் எங்க இருக்கு பாத்தியா,
மூக்குக்கு நேரா, நட்டநடுவுல?"
இல்லை, என்றேன். வலப்பக்கம்.
எப்போதும் வலப்பக்கம்தான் உட்காருவார்,
தூணோரமாக, சற்றே தள்ளி.
எந்தத் தூண் என்றான்.
எனக்கே அப்போதுதான் உறைத்தது,
அந்தத் தூணை நட்டது நான்.

பழசில் ஒரு பக்கம் போயிருக்கும், அவன் சொன்னான்.
புதுசிலும் அப்படித்தான் இருக்கிறது, நான் சொன்னேன்.
அவன் முகம் கறுத்தது.
வயரைப் பிடுங்கி ஊதிச் செருகினான்.
டீ கொண்டுவரக் கீழே போனான்.

தனியாக இருந்தேன்.
வெளியே ஐப்பசி மழை,
ஓடையில் தவளைகள் ஒரே சுருதியில்.
ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்,
இடத்தை வலத்தில், வலத்தை இடத்தில்.
வயலின்காரர் எழுந்து
இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
அதே வலம், அதே தூண்.
பழசையும் திருப்பினேன்.
அசையவில்லை மனுஷர்.

கொள்முதல் நிலையத்தில் பதினோரு பருவம்.
தூற்றும் இயந்திரத்துக்கு வலக்கைப் பக்கம்
என் மேஜை. தூசி அந்தப் பக்கம் வராது,
யோசித்துத்தான் போட்டேன்.
இடது காது முழுக்க மோட்டாரைப் பார்த்தபடி
மூட்டை எண்ணியிருக்கிறேன்,
பதினேழு சதவீதம் ஈரம் என்று
கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.
கத்துகிறேன் என்று
யாரும் சொன்னதில்லை. அல்லது
சொன்னது கேட்கவில்லை.

டீயோடு வந்தவன் கேட்டான்,
"சரி, எதுதான் உசத்தி?"
புதுசு, என்றேன். உண்மைதான்.
சாவி கேட்டவளை அதுதானே காட்டியது.
ஆனால் ராத்திரி வீட்டில்
உளுந்துத் தோல் உதிர உதிரப் பழசையே மாட்டினேன்,
இடப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு.

ஜெகபர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறான்,
வலப்பக்கம் தூக்கலாக இருப்பதாக
ஒரு நண்பர் சொல்கிறார், சோதித்துத் தரவும் என்று.
பதில் வர மூன்று வாரமாகும்.
நான் இன்னும் சொல்லவில்லை.